பண்ருட்டியில் வாங்கிய பூச்சி மருந்து

எண்பதுகளில் நான் நெய்வேலி மைன்ஸில் வேலை பார்த்தேன். வயிற்றில் கீரிப்பூச்சி; உட்காரும் இடத்தில் ஓயாத அரிப்பு. ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் போர்மன். இறங்கும்வரை சொறியவும் முடியாது, எழவும் முடியாது.

"என்னய்யா, சீட்டுல ஆணியா?"

"ஆமாங்க சார்" என்று சீட்டின் மேல் பழியைப் போடுவேன்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் எங்கள் குடியிருப்பு பிளாக்கிலேயே இருப்பவர். அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மாதாமாதம் மனைவிக்கும் தெரியாமல் பண்ருட்டிக்குப் போய் மருந்து வாங்கிச் சாப்பிடுவேன். பத்து நாள் சுகம், பிறகு மறுபடி அதே கூத்து.

ஐந்தாம் முறை மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "நீங்க மட்டும் சாப்டுக்கினு இருந்தா எப்டிங்க போவும்? வூட்ல எல்லாரும் ஒரே நாள்ல சாப்டணும்."

நகம் வெட்டு, கை கழுவு என்று எட்டு வருஷமாக வீட்டில் அதிகாரம் செய்தவன் நான். அடுப்படி வாசலில் வெகுநேரம் நின்று, ஒருவழியாகச் சொன்னேன்.

மனைவி திரும்பாமலே சொன்னாள்: "எனக்குந்தாங்க. அம்மா வூட்டுக்குப் போறப்பல்லாம் மருந்து சாப்ட்டுட்டுத்தான் வர்றேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் விரட்டியதை நானும், நான் விரட்டியதை அவளுமாக மாறிமாறி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நால்வரும் மருந்து சாப்பிட்டோம். போர்வைகளை வெந்நீரில் அலசினோம். அதோடு பூச்சி போயிற்று. என்னிடம் வாய்திறக்க அவளுக்கு அவ்வளவு பயம் இருந்ததை, ஒரு பூச்சி வந்துதான் எனக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது.