குளத்துக்கு மூச்சு முட்டிய காலை

முப்பது வருஷம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளுவதும், காய்கறி மூட்டையோடு ஏறுகிறவர்களிடம் சண்டை போடுவதும், தூங்கிப் போனவர்களை ஏம்பலத்தில் எழுப்பிவிடுவதுமாகப் போன வருஷங்கள். ஆள் பேச்சு காதில் விழாத நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. முட்டி தேய்ந்து, ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியாமல் போனபோது, டவுனில் இருக்கும் ஒரு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பாகூர்ப் பக்கம் கரும்பு போட்டிருந்த தன் நிலத்தில் காட்டேஜ் கட்டியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது.

நாலு காட்டேஜ், ஒரு சமையல்கட்டு, ஒரு ஆபீஸ் அறை, நடுவில் வெட்டிய பெரிய குளம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் தூண்டிலை வாங்கிக்கொண்டு கரையில் உட்காருவார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி என்று மீன்கள் விட்டிருந்தோம். பிடித்த மீனைச் சமையல்காரம்மா அங்கேயே வறுத்துக் கொடுப்பாள். பிள்ளைகளுக்காக அன்னப்பறவை மாதிரி செய்த பெடல் படகு ஒன்றும் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த மாதமே பெங்களூரில் மகளுக்குப் பிரசவம். மூன்று மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் என் மனைவி போனாள். பேத்திக்கு இப்போது மூன்றரை வயது ஆகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது? அதை நான் தப்பென்று சொல்ல முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டு ஆபீஸ் அறையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டேன்.

சனி, ஞாயிறு என்றால் கார்கள் வரும், பாட்டு அலறும். திங்கட்கிழமை காலையில் எல்லாம் அடங்கிவிடும். சமையல்காரம்மாவும் விருந்தாளி இல்லாத நாளில் மத்தியானமே கிளம்பிவிடுவாள். அப்புறம் நானும் தண்ணீரும்தான். ஒருநாள் கரையைச் சுற்றி நடக்கும்போது என்னை அறியாமல், “மங்கலம், கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம்” என்று உரக்கக் கூவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு கட்டிக்கொண்டிருந்த பெண், “இன்னாபா, பஸ்ஸு எங்க?” என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் கூச்சம் போகவில்லை.

மனைவி மத்தியானத்தில், பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து, போன் பண்ணுவாள். “சாப்ட்டீங்களா?” “ஆச்சி.” “மழையா அங்க?” “தூறுது.” “மாத்திர போட்டீங்களா?” அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் சொல்ல எதுவும் இல்லாதது மாதிரி ஆகிவிட்டது.

போன கார்த்திகை மழையில், கூட்டமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு அம்மா தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கையில் சின்னப் பை. ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர் என்று, பதிவு நோட்டில் எழுதும்போது சொன்னார்.

“கூட யாராவது வர்றாங்களா மேடம்?”

“யாரும் வரமாட்டாங்க. நாலஞ்சு நாள் என்னை யாரும் கூப்பிடாம இருக்கணும் சார். வேலையில நாப்பது வருஷம் சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டாங்க. வூட்ல அம்மா அம்மான்னு கூப்பிடறாங்க. போனையும் அணைச்சிட்டேன்.”

காட்டேஜைத் திறந்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் குடை பிடித்துக்கொண்டு தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மீனும் சிக்கவில்லை; அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் தலையை மட்டும் அசைப்பார். இருந்தாலும் ஒரு காட்டேஜில் விளக்கு எரிகிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று நாள் சூரியனே தெரியவில்லை. வானம் இப்படி மூடிக் கிடந்தால் குளத்துத் தண்ணீரில் காற்று குறைந்துவிடும். அதற்குத்தான் தண்ணீரை அடித்துக் கலக்க ஒரு துடுப்பு மிஷின் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை விடிகாலை கரண்ட் போயிருக்கிறது. கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் மிஷின் நின்றது எனக்குக் கேட்கவில்லை. தூங்கிவிட்டேன். அது என் தப்புதான்.

விடிந்து வெளியே வந்து பார்த்தால் குளம் முழுக்க வாய்கள். ஆயிரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ‘சப் சப்’ என்று அந்தச் சத்தம் கரை வரை கேட்டது. பெரிய கட்லாக்கள் இரண்டு ஏற்கெனவே சாய்ந்து மிதந்தன. ஜெனரேட்டருக்கு ஓடினேன், அது இருமிவிட்டு நின்றுபோனது. பக்கத்துக் கரும்புக் கொல்லைக்காரருக்குப் போன் போட்டு, டீசல் எஞ்சினைக் கொண்டு வரச் சொன்னேன். “சேறா கெடக்குபா, டிராக்டர்ல கட்டி இழுத்தாற நேரமாவும்” என்றார்.

மூங்கில் கழியை எடுத்துத் தண்ணீரை அடிக்கத் தொடங்கினேன். எவ்வளவு அடித்தாலும் எட்டியது ஒரு மூலைக்குத்தான். அப்போது அந்த அம்மா ரெயின்கோட்டோடு வந்து நின்றார்.

“என்ன ஆச்சு?”

“மூச்சு முட்டுது மேடம். தண்ணில காத்து இல்ல. கலக்கணும்.”

அவர் குளத்தை ஒரு தடவை பார்த்தார். வார்டில் நோயாளியைப் பார்க்கிற பார்வை அது. “அந்தப் படகு இருக்கே, அத மிதிச்சா கலங்காதா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு பேரும் அந்த அன்னப்பறவைக்குள் ஏறி உட்கார்ந்தோம். ஐந்தாறு மிதியிலேயே என் முட்டி பிடித்துக்கொண்டது.

“தம்பி, நீங்க காலை எடுத்துடுங்க. திருப்பற வேலைய மட்டும் பாருங்க. நான் மிதிக்கறேன்” என்றார்.

மழையில் நனைந்த வெள்ளை அன்னம் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் மிதித்தார், நான் திருப்பினேன், இடது கையால் கழியைப் போட்டுத் தண்ணீரையும் அடித்தேன். “அங்க பாருங்க தம்பி, அந்த மூலையில நெறைய நிக்குது.” “இப்ப ரைட்ல ஒடிங்க.” “நிக்காதீங்க, நிக்காதீங்க.” அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு தடவை என்னைப் பார்த்து, “நம்ம ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டப் போவுது” என்று சிரித்தார். அந்த அவசரத்திலும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் வந்தது. குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி உயரத்திலிருந்து திரும்பக் குளத்திலேயே கொட்டியது. ஒன்பது மணிக்கு மேல் வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பெரிய கட்லாக்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. ரோகு பாதி. ஜிலேபி தப்பித்துக்கொண்டது. செத்ததை அந்த அம்மாவும் என்னோடு நின்று கூடையில் வாரினார். டாக்டருக்குப் போனில் சொன்னபோது, “பரவால்ல, வேற குஞ்சு வுட்டுக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் சுக்குக் காபி போட்டு, இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு அவருடைய காட்டேஜுக்குப் போனேன். வழியெல்லாம் என்னென்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பஸ் கதை, மனைவி, பேத்தி. கதவு பாதி திறந்தது.

“சார், தப்பா நெனைக்காதீங்க. காலையில வேலை இருந்துச்சு, வந்தேன். நான் இங்க வந்ததே பேசாம இருக்கத்தான்.”

தம்பியாக இருந்த நான் மறுபடி சார் ஆகியிருந்தேன். ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். குரலில் கோபம் எதுவும் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. வந்த நாளிலேயே தெளிவாகச் சொன்னவர்தான். மற்ற டம்ளரோடு நான் படியிறங்கி வந்தேன். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்து முடித்தேன்.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டேன். வழக்கமான நேரம் இல்லை என்பதால் அவள் பதறிவிட்டாள்.

“இன்னாங்க, இன்னா ஆச்சி? ஒடம்புக்கா?”

மீன் செத்ததைச் சொன்னேன். படகைச் சொன்னேன். பாதி திறந்த கதவையும் சொன்னேன். அப்புறம், மூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்: “இங்க என்னால இருக்க முடியலடி.”

அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“எனக்கு மட்டும் இங்க யாரு கீறாங்க? பகல் பூரா புள்ளையும் நானும். எதிர் வூட்டுக்காரி பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவளுக்குப் புரியல. பால்கனில நின்னு போற வண்டிய எண்ணிக்கினு கீறேன். உங்களாண்ட சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல.”

அவள் அங்கே மகளும் பேத்தியுமாக நிறைந்த வீட்டில் இருக்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா ஆட்டோவில் கிளம்பிப் போனார். பையை வைத்துக்கொடுத்தேன். “மீனுங்கள நல்லாப் பாத்துக்குங்க சார்” என்றார். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

ஜூனில் பேத்தி பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் மனைவி வந்துவிடுவாள் என்று பேச்சு. ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் பாதி நாள்தானாம். மத்தியானம் பிள்ளையை அழைத்துவர ஆள் வேண்டுமாம். வரவில்லை. ஆனால் போன் பேச்சு மட்டும் மாறிவிட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு அவள் வைப்பதில்லை. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கிறாள். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளத்துக்குத் தீனி போடுகிறேன். பல நாள் இரண்டு பேரும் பேசுவதே இல்லை. குக்கர் விசில் கேட்கும், அவள் வெண்டைக்காய் அரிகிறது கேட்கும். நடுவில் ஒரு தடவை, “கீறீங்களா?” என்பாள்.

“கீறேன்” என்பேன்.