சிவப்புத் தரையில் ஒரு கடலோர ஊர்

சுதந்திரம் வந்த புதிதில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. மைசூர்ப் பள்ளியொன்றில் வாத்தியாராக இருந்த நான் கடலையே பார்த்ததில்லை. மனைவி பிறந்ததோ கடலோரத்துச் சின்ன நகராட்சி ஒன்றில்.

ஒரு மழை மாலையில், “உங்க ஊர் எப்படியிருக்கும்?” என்று கேட்டேன்.

என் சட்டைப்பையிலிருந்த சாக்கட்டியை எடுத்துச் சிவப்புத் தரையில் வரையத் தொடங்கினாள். ஆற்று முகத்துவாரம், உப்பளம், மாதா கோயில் என்று ஊர் மெல்ல விரிந்தது.

“இது டச்சுக்காரன் கட்டின கிடங்கு. அப்புறம் இங்கிலீஷ்காரன் சுங்கம் வாங்கினான். இப்ப நம்ம முனிசிபாலிட்டி ஆபீஸ்.”

“கடல் எங்கே?”

“நீங்க நிக்கிறதே கடல்லதான்.”

என்னையறியாமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டேன். மைசூருக்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை, முழங்கால் நீரில் நிற்பவன்போல அங்கேயே நின்றிருந்தேன்.