அவளுக்குக் கிடைத்த முதல் பட்டம்

எங்கள் பல்கலைக்கழகம் சின்னது. அந்தச் சின்னத்தனத்தை முதல் நாளே பெருமையாகச் சொன்னார்கள். பெரிய இடங்களில் நீங்கள் வெறும் இலக்கம், இங்கே எங்கள் பிள்ளைகள் என்று மாணவர் நலனுக்குப் பொறுப்பான சேர் வரவேற்புக் கூட்டத்தில் பேசினார். உதவித்தொகை, ஆலோசனை, வெளிநாட்டுப் பயிற்சி என்று அடுக்கிக்கொண்டே போனவர், தன் அறைக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும் என்று முடித்தார். ஏசி போட்ட அறையின் கதவை எந்த மடையன் திறந்து வைப்பான்? எந்நேரமும் திறந்து கிடந்தது களப்புப் பக்கத்து வேலி மட்டும்தான். அதன் வழியாகக் கழுதைகள் வந்து மைதானத்தில் படுத்துக்கொள்ளும். நான் இதே களப்போரத்து எத்தாளைக்காரி, எனக்குக் கழுதை புதிதில்லை. என் அறையில் தங்க வந்த வன்னிப் பிள்ளைதான் ஜன்னலில் நின்று அவற்றை ஆசை ஆசையாகப் பார்த்தாள்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன, புலிகளோடு இருந்தவர்களின் வீடுகளுக்கு ஆமி இன்னும் விசாரணைக்கு வந்துகொண்டிருந்தது. அவள் வீட்டில் அம்மாவும் அவளும்தான் மிச்சம். அம்மா இரண்டே இரண்டு கட்டளை போட்டு அனுப்பியிருந்தார். பட்டத்தோடு வர வேண்டும். அண்ணாவைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. முதலாவதை வந்த அன்றே என்னிடம் சொன்னாள். இரண்டாவதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், அதுவும் காரியம் கெட்ட பிறகு.

விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை தமிழில் படித்த நாங்கள் புள்ளிவிபரவியல் வகுப்பில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம். எங்களைக் காப்பாற்றியது சேரின் கதவு அல்ல, குப்பி. மேல் வருடத்து மாணவர் ஒருவர் பின்னேரங்களில் கீழ் வருடத்துக்குப் பாடத்தைச் சொந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவார். அதற்குத்தான் இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் குப்பி என்று பெயர். குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்த காலத்துச் சொல் என்பார்கள். சிங்களப் பிள்ளைகளுக்கும் அது குப்பிதான். எங்களுக்குத் தமிழில் குப்பி தரக்கூடியவர் ஒரே ஒரு நானா, எங்கள் முஸ்லிம் பேச்சில் அண்ணன். தொண்ணூறில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. கெட்டிக்காரர். அந்த வயதில் அவரைப் பார்த்தாலே எங்களுக்கு மரியாதை வந்துவிடும்.

முதல் வாரம் வகுப்புக்குள் வந்து, "நாளைக்குப் பின்னேரம் எல்லாருக்கும் குப்பி தாறேன்" என்றார்.

"ஐயோ, எனக்கு வேண்டாம்" என்று என் பக்கத்திலிருந்த வன்னிப் பிள்ளை எழும்பிவிட்டாள்.

வகுப்பு சிரித்தது. நானா சிரிக்கவில்லை. "ஏன் தங்கச்சி, மத்தவங்க எல்லாம் கெஞ்சிக்கிட்டு ஈக்கிறாங்க. ஒங்களுக்கு மட்டும் வேணாமா?"

அவள் பதறிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். "அண்ணா வச்சிருந்தவர். கழுத்தில."

அவள் ஊரில் குப்பி என்றால் நஞ்சு. பிடிபட்டால் கடிக்கப் புலிகள் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டது. அது எங்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் அதை இதோடு சேர்த்து நினைத்ததில்லை. நானா அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஒங்களுக்கு அந்தக் குப்பிதான் தரணும்" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள், இந்த முறை இன்னும் சத்தமாக.

பட்டம் வாங்க வந்தவளுக்கு முதல் வாரமே பட்டம் கிடைத்துவிட்டது. குப்பி. சாப்பாட்டு வரிசையில் குப்பி, நூலகத்தில் குப்பி. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினால், "கடிச்சிராத, குடி" என்று ஒரு குரல். அவள் குப்பிக்குப் போவதை நிறுத்தினாள். முதல் பரீட்சையில் புள்ளிவிபரவியல் கோட்டைவிட்டாள். மறுமுறையும் விட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் குப்பியில் கேட்டு வந்ததை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கே அரைகுறை, என்னிடம் கேட்டவள் எப்படி உருப்படுவாள்?

அவளை இழுத்துக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன். சேர் நன்றாகத்தான் பேசினார். பட்டப்பெயர் என்பது அன்பின் அடையாளமாம். படிக்கிற காலத்தில் அவரையும் பூசணி என்று கூப்பிட்டார்களாம், இன்றைக்கும் நண்பர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஒதுங்காமல் எல்லோரோடும் கலந்து பழகு, பிள்ளை, குப்பிக்குப் போ என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். வெளியே வந்ததும் அவள், "அந்தாள் பூசணி மாதிரித்தான் இருக்கிறார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

நேரே கன்டீனுக்குப் போய் நானாவின் முன்னால் நின்றேன். "நானா, அவள்ட அண்ணன் மௌத்தாப் போயிட்டார். அத வச்சா விளையாடுறீங்க?"

அவர் தேத்தண்ணியைக் கீழே வைக்கவில்லை. "எங்கட வாப்பாவ உடுத்த சாரத்தோட வெரட்டினாங்க. அதுக்கு இவள்ட ஊரில யாராவது அழுதாங்களா?"

"அவள் அப்ப பொறக்கவே இல்ல."

"நானும்தான் பொறக்கல்ல" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அகதிக் குடியிருப்பின் ஓலைக் கொட்டிலில் பிறந்து வளர்ந்தவர். அந்த நியாயம் எனக்கு விளங்கியது, விளங்கியதால்தான் அவர் மேல் இன்னும் வெறுப்பு வந்தது. இன்றைக்கும் போகவில்லை. எங்கள் பல்கலைக்கழகம் பீற்றிக்கொண்ட வெளிநாட்டு வாய்ப்பு அவருக்குத்தான் கிடைத்தது. சக மாணவருக்குச் செய்த சேவையைப் பாராட்டிச் சேரே சிபாரிசு செய்தாராம்.

அதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். மறுபரீட்சை நெருங்கியபோது குப்பிக்குப் போய் முன் வாங்கில் குந்தினாள். "குப்பி, வந்து இதைச் செய்" என்று அவர் சோக்கட்டியை நீட்டினால் எழும்பிப் போய்க் கரும்பலகையில் செய்தாள். பிழை விட்டால் சிரிப்பார்கள், நின்று கேட்டுவிட்டுத் திரும்பச் செய்வாள். ஒரு நாளாவது திருப்பிப் பேச மாட்டாளா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பேசவில்லை. பாஸ் பண்ணினாள்.

நானா போன பிறகு தமிழில் குப்பி தர ஆள் இல்லை. அவள்தான் தந்தாள். புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கோபப்படாமல், பத்துத் தரம் கேட்டாலும் பத்துத் தரமும் சொன்னாள். அதுகள் அவளைக் குப்பி அக்கா என்றன. பாடம் சொல்லித் தருவதால் வந்த பெயர் என்றுதான் நினைத்தன. அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பெயரைக் கேட்டு அவள் சிரித்துக்கொண்டு திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

பட்டமளிப்பு அன்று அவளுடைய அம்மா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். மண்டபத்தில் என் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். மேடையில் அவள் பெயரை வாசித்ததும் பின்னாலிருந்து அவளிடம் படித்த பிள்ளைகள் எழும்பிக் கைதட்டிக் கத்தின. "குப்பி அக்கா! குப்பி அக்கா! குப்பி!" அவ்வளவு பாசமாக அந்த மண்டபத்தில் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கைதட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். மகளைப் பார்க்கவில்லை. வாசலில் சீருடையோடு நின்ற காவலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மகளின் முழங்கையைப் பிடித்தார். "ஆருக்குச் சொன்னனி?"

"அம்மா, இது அந்தக் குப்பி இல்லையம்மா."

நான் குறுக்கே புகுந்து குப்பி லாம்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஓம் பிள்ளை, ஓம்" என்றார். பிறகு மகளிடம் திரும்பினார். "இந்த உடுப்பைக் கழட்டு. எல்லாரும் உன்னைத்தான் பாக்கினம்."

படம் எடுக்கிறவர் எங்களுக்காகக் காத்து நின்றார். அவள் பட்டதாரி அங்கியைக் கழற்றி என் கையில் தந்தாள். ஒரு படமும் எடுக்கவில்லை. தாயும் மகளும் பஸ் பிடிக்க வாசலைத் தாண்டியபோது அந்தப் பிள்ளைகள் கண்டுவிட்டு மதிலில் ஏறிக் கையசைத்தன.

"குப்பி அக்கா! போயித்து வாங்க, குப்பி அக்கா!"

அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்.