தண்ணீர் வண்டியின் சங்கிலி

பைக்கில் திண்டிவனம் கிளம்பிய நான் இன்னும் பெருங்களத்தூரையே தாண்டவில்லை. முன்னால் போகும் டிராக்டர் ஒரு தண்ணீர்த் தொட்டியை இழுத்துப்போகிறது. தொட்டியின் பின்னால் தொங்கும் சங்கிலி தார்ச்சாலையில் உரசிப் பொறி கக்கியதில், ஓரத்துக் காய்ந்த புல் எரிகிறது.

முந்திப்போய் டிரைவரை மறித்து, "சங்கிலிய தூக்கிக் கட்டுங்கண்ணா, புல்லு பத்திக்கிச்சு" என்கிறேன்.

"பெட்ரோல் லாரிய பாத்ததில்லயா சார்? சங்கிலி தரையில ஒரசிக்கினே வந்தாதான் வண்டி நெருப்பு புடிக்காது."

தொட்டியில் இருப்பது தண்ணீர். அது பற்றிக்கொள்ளுமோ என்று இந்த மேதைக்குக் கவலை.

"சரி, குழாயையாவது திறந்து அணைங்க."

"இது அபார்ட்மெண்ட் தண்ணி சார். வெயிட் பண்ணிக்கினு கீறாங்க."

ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் பொறி பறக்க நகர்ந்து போகிறது. நான் குடிக்க வைத்திருந்த பாட்டிலைத் திறந்துகொண்டு புல்லை நோக்கி ஓடுகிறேன்.