எங்கள் வீட்டுத் தேக்கு மேசை

கல்யாணமான புதிதில் ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். ஒருநாள் என் கணவர் லக்கேஜ் ஆட்டோவில் ஒரு மேசையைக் கொண்டுவந்து இறக்கினார். சிப்காட்டில் அவருக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. நன்றாகக் கொதித்த டீ டிகாஷன் நிறத்தில் மேசை மினுமினுத்தது.

"தேக்கா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு, மகள் பிறந்து வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவரை பெருமையடித்தேன். மதுரையில் இருக்கும் தங்கையிடம்தான் அதிகம். அவள் வீட்டில் பிளாஸ்டிக் மேசை.

அவர் அந்த மேசையைப் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற மகளைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. நாற்காலி இடிக்கக் கூடாது. சூடான பாத்திரம் வைக்கக் கூடாது. ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தெருவே வண்டி கழுவிக்கொண்டிருக்கும். இவர் மட்டும் பரணிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கி, பழைய பனியனைக் கிழித்துச் சுருட்டி, விளிம்பெல்லாம் தடவிக்கொண்டிருப்பார். என்னைப் பக்கத்தில் விடமாட்டார். மேசைக்கு இத்தனை சீராட்டா என்று கேலி செய்வேன். நல்ல மரத்தைக் கவனிக்க வேண்டாமா என்பார்.

அவர் போய் இரண்டு ஆயுத பூஜை கழிந்துவிட்டது. மேசையில் கை வைக்க மனம் வரவில்லை. இந்த வருடம் ஆவணி மழையில் விளிம்புகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. பூஞ்சை என்று பயந்து பக்கத்துத் தெரு பாலிஷ்காரரைக் கூப்பிட்டேன். என்ன செய்தாலும் நிறம் மட்டும் மாறக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் மேசையைக் கவிழ்த்தார். அடிப்பலகையில் கறுப்பு மையில் ஒரு குடைப் படம், பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகள்.

"அக்கா, இது தேக்கு இல்லக்கா. கம்பெனிக்கு மிஷின் வர்ற பெட்டி மரம். உள்ள வெள்ளையாத்தான் இருக்கும். யாரோ கலர் போட்டிருக்காங்க."

குடைப் படம், மழையில் நனைய விடாதே என்பதற்கான அடையாளமாம்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். மனிதர் இருந்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவரும் அந்த அரைச் சிரிப்பைச் சிரித்து என்னை இன்னும் ஏற்றிவிட்டிருப்பார். சண்டை போட இவ்வளவு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது, போட ஆள் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. பாலிஷ்காரர் நிற்கிறார் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

மொத்தமாகத் தேய்த்தெடுத்துவிட்டு அசல் தேக்கு நிறமே அடித்துத் தருவதாக அவர் சொன்னார். வேண்டாம் என்றேன். என் கணவர் பூசிய நிறம் போய்விட்டால் அப்புறம் மிச்சம் வெறும் பெட்டிதான். பரணில் அந்தப் பாட்டில் இருந்தது, அடியில் காய்ந்து கட்டிதட்டிப்போய். பாலிஷ்காரர் முகர்ந்து பார்த்து, அரக்கும் சாயமும்தான், ஸ்பிரிட் ஊற்றினால் இளகும் என்று சொல்லி, கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியே இளகியது.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு வரை பொறுத்திருந்தேன். உப்புத்தாளைக் கிட்டவே கொண்டுவரவில்லை. ஈரத் துணியால் அழுக்கை மட்டும் துடைத்துக் காயவிட்டேன். பிறகு அவருடைய பனியன் ஒன்றைக் கிழித்துச் சுருட்டி, வெள்ளை தெரிந்த இடங்களில் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. காயக் காயப் பழைய நிறம் வந்தது. வீடு முழுக்க அந்த வாசனை. அவர் உள்ளறையில் இருக்கிறார் என்று சொன்னால் நம்பியிருப்பேன்.

வருடா வருடம் அவர் குனிந்து தேடி மறைத்தது இந்த வெள்ளையைத்தான் என்று அப்போது புரிந்தது. பின்னாளில் நிஜத் தேக்கே வாங்க வசதி வந்தது. ஆனால் அதைப் பக்கத்தில் போட்டால் இதன் குட்டு உடைந்துவிடுமே. எவ்வளவு பாடுபட்டிருக்கிறார், எனக்குத் தெரியாமல்.

பூஜைக்குத் தங்கை வந்தாள். மேசையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எத்தன வருசமாச்சு, கலரு அப்படியே நிக்குதேக்கா. நெசமாவே தேக்குதானா?"

"ம்" என்றேன்.