ராக்கப்பன் மாமாவின் ஒன்பது விரல்

ராக்கப்பன் மாமாவுக்கு ஒன்பது விரல். பத்தாவதை, எங்கள் பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையில் நிற்கும் பேண்ட்சா மெஷின் மூன்று வருடத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டது. "இன்னொன்னு போச்சுன்னா மெஷினு பழைய இரும்புக்குத்தான்" என்று முனீஸ்வரி அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள். மெஷின் போனால் தச்சு வேலைக்கார மாமாவுக்குத் தொட்டில் கால் அறுக்கவும் வழியில்லை, பேச்சுத் துணைக்கும் ஆளில்லை.

மரத்தை வளைத்து வளைத்து அறுக்க, மேலும் கீழுமாக இரண்டு சக்கரத்தில் நாடா மாதிரி ஓடும் பிளேடு அதில் உண்டு. சாயங்காலம் மாமா அதைத் தளர்த்தி வைப்பார். காலையில் திருகை எட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கி, பிளேடை விரலால் சுண்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். ராஜபாளையத்தில் எந்த டாக்டரும் நோயாளியை அப்படிக் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஆவணியில் மட்டும் மூன்று பிளேடு அறுந்தது. மூன்றாவது அவர் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போனது.

முதலில் பிளேடு ஒட்டித் தந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். ஒட்டு இருந்த இடத்தில் ஒன்றுமே அறவில்லை. அடுத்தது கரண்டு. அதற்கடுத்து நான். பத்தாம் வகுப்போடு நின்று நாள் முழுக்க அவர் கொட்டகையிலேயே கிடப்பவள், அவருடைய பசை டப்பாவில் பால்கோவாவை அடைத்து வைத்தவள். வேறு யாரைப் பிடிப்பார்?

"ஏட்டி செல்வி, திருகைத் தொட்டியா?"

"நான் தொட்டிருந்தா எட்டோடயா நிக்கும் மாமா? பதினாறுக்குப் போயிருக்கும்."

"வாய்க்கு ஒன்னும் கொறச்சலில்ல."

அன்று முதல் திருகில் கறுப்பு நூல் கட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். நூல் கட்டியபடியே இருந்தது. நாலாவது பிளேடும் அறுந்தது. "அவுத்துட்டுத் திரும்பக் கட்டிருக்கா" என்றார்.

என் பழியைத் துடைக்க நானே வேவு பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை மாமா குளிக்கப் போன நேரம், பிளைவுட்டுக்குப் பின்னால் பதுங்கினேன். அத்தை வந்தாள். கீழ் மூடியைத் திறந்து மரத்தூளைக் கூட்டினாள். கீழ்ச் சக்கரத்தில் பிளேடு ஓடும் ரப்பர் மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, "அவிய வெரலு ஒம்பதும் ஒன் பொறுப்பு" என்று மெஷினிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தடவிப் பார்த்தேன். பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு. தூளும் பிசினும் சேர்ந்து, அடியில் புளியங்கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேடு அதன் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. விறைத்து நிற்கிற பிளேடு எத்தனை நாள் தாங்கும்? மூட்டுவலிக்கார மாமா குனிந்து பார்க்கவே இல்லை.

சொன்னால் என் பழி போய்விடும். ஆனால் பிளேடு கிழித்த அந்தச் சட்டைக் கையைத் தைத்தது அத்தைதான்; கிழித்தது தன் பொட்டு என்று தெரிந்தால் தாங்கமாட்டாள்.

உளியால் சுரண்டி எறிந்தேன். அடுக்களைக்குப் போய், "அத்த, மாட்டுக்குக் கால் கொளம்புலயா பொட்டு வப்பிய? மெஷினுக்குச் சக்கரந்தான் காலு. மேல் மூடிதான் நெத்தி" என்றேன்.

"ஆத்தி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவியகிட்டச் சொல்லிராதட்டி."

ஐப்பசி பிறந்துவிட்டது. ஒரு பிளேடும் அறவில்லை. நேற்று மாமா பிளேடைச் சுண்டிக் கேட்டுவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "திருந்திட்ட போல."

"ஆமா மாமா."

அவர் சாப்பிடப் போனதும், திருகில் அவர் கட்டியிருந்த நூலில், வந்ததும் என்னையே சந்தேகப்படட்டும் என்று ஒரு முடிச்சைக் கூடுதலாகப் போட்டுவைத்தேன்.