பச்சைத் துளையில் மஞ்சள் ஒயர்

ஒருவருக்குப் பாதகமான உத்தரவைப் பிறப்பிக்கும் முன், தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். அரசுப் பணியில் இருந்த காலம் முழுவதும் இந்த விதியைச் சுட்டிக்காட்டிப் பல கோப்புகளைத் திருப்பி அனுப்பியவன் நான். கூட வேலை பார்த்தவர்கள் என்னைக் கண்டால் வேறு வராந்தா வழியாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு ஹாலில், என் சொந்த அக்கா விஷயத்தில், அந்த விதி எனக்கு ஞாபகம் வரவில்லை.

அக்கா லால்குடியில் இருக்கிறாள். தை மாதம் அவள் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் முறையாகப் பாட்டு கற்றவள். சாயங்காலங்களில் போன் வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருநாள் அக்கா அடுப்படியிலிருந்து, "நானும் ஒரு காலத்துல நல்லா பாடுவேன்மா" என்றிருக்கிறாள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் குரல் கம்மிவிட்டது. பாதி காற்றும் பாதி சொல்லுமாகத்தான் வரும். அந்தக் குரலில் அந்த வாக்கியத்தைக் கேட்ட மருமகள், "அப்படியா அத்தை?" என்று சிரித்திருக்கிறாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அக்காவால் அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

அவளிடம் ஒரு வீடியோ கேசட் இருந்தது. என் கல்யாண கேசட். நலங்கின்போது அக்கா பாடியது அதில் இருக்கிறது. எங்களிடம் இருந்த பிரதி வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. அவள் தன்னுடையதைத் துணி அலமாரியில் வைத்துக் காப்பாற்றியிருந்தாள். பழைய வீடியோ டெக்கையும் உறையூரில் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்துவிட்டாள். வீட்டு டிவியில் மாட்டித் தரச் சொன்னதற்கு மகன், "பழசெல்லாம் எதுக்கும்மா" என்றுவிட்டான். "தம்பிக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று டெக்கை ஒரு போர்வையில் சுற்றிக்கொண்டு, மருமகளையும் அழைத்துக்கொண்டு, ஆனி மாத வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

டெக்கிலிருந்து மூன்று ஒயர்கள்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. இதை மருமகளுக்கு விளக்கிச் சொன்னேன், கேட்காமலே. பிறகு போன் வெளிச்சத்தில் டிவியின் முதுகைப் பார்த்தேன். வெள்ளை இருந்தது, சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது, பச்சைகூட இருந்தது. மஞ்சள் இல்லை.

"மஞ்சளுக்கு இடமே இல்லக்கா."

"பச்சை சும்மாதானே இருக்கு தம்பி. அதுல ஒரு தடவை..."

"பச்சை பச்சைக்கு, மஞ்சள் மஞ்சளுக்கு. கண்டதுல சொருகிப் பாக்க இது என்ன கோயில் உண்டியலா?"

"இல்லடா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இந்த டிவில வராது. அவ்வளவுதான்."

அந்த டிவிக்கு ஒரு கையேடு உண்டு. வாரண்டி அட்டையோடும் ரசீதோடும் சேர்த்து, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், பீரோவில் மிக ஒழுங்காக வைத்திருந்தேன்.

மருமகள்தான் சமாதானமாகப் பேசினாள். "பரவாயில்லை மாமா. நீங்க நேர்லயே கேட்டிருப்பீங்களே. அத்தை எப்படிப் பாடுவாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். கேசட்டும் வேண்டாம், டெக்கும் வேண்டாம், என்னிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும் என்ற பார்வை. டிவிக்குப் பின்னால் கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்கு வலி எடுத்திருந்தது. எல்லாம் தெரிந்தவனுக்கு ஒரு ஒயர் மாட்டத் தெரியவில்லை என்ற எரிச்சல் வேறு.

"கல்யாண வீட்டுல நாலு பொம்பளைங்க சேந்து பாடுவாங்களே, அந்த மாதிரிதான்மா. பெருசா ஒண்ணும் இல்ல."

அக்கா போர்வையை மடித்தாள். கேசட் உள்ளேயே இருந்த டெக்கைக் காட்டினேன். "இங்கயே கெடக்கட்டும். குப்பை வண்டி வந்தா போட்டுடு" என்றாள். அவர்களுக்குக் கொடுக்கப் பூ வாங்க சித்திரை வீதிக்குப் போயிருந்த என் மனைவி திரும்பி வந்தபோது, இரண்டு பேரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணிகிட்ட என்னங்க சொன்னீங்க? முகமே சரியில்லையே."

"டிவில இணைப்பு இல்லைன்னேன்" என்றேன். பொய் இல்லை. ஆனால் இப்படிப் பாதி சொல்லிப் பாதி விழுங்கும் பதில்களை நான் மற்றவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்டதே கிடையாது.

அன்றைக்கே டிவி கம்பெனிக்கு மின்னஞ்சலில் ஒரு புகார் தட்டினேன். வீடியோ இணைப்பு இல்லாத பெட்டியை விற்றது சேவைக் குறைபாடு, உரிய காலத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் மன்றத்தை நாட நேரிடும் என்று நாலு பத்தி. மறுநாள் காலையிலேயே படத்தோடு பதில் வந்துவிட்டது. மஞ்சள் ஒயரைப் பச்சைத் துளையில் செருகவும். இரண்டுக்கும் அதுவே பொது. வேறு உதவி வேண்டுமா?

உறையைக் கிழித்துக் கையேட்டைப் பார்த்தேன். அதிலும் இருந்தது, அதே படத்தோடு.

செருகினேன். படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். இரண்டாவது புகாருக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி ரிமோட்டை வாங்கி இணைப்பு வகையை மாற்றினாள். நிறம் வந்தது. குறுக்கே கோடுகள் ஓட, கல்யாண மண்டபம் வந்தது. அரக்குப் பட்டில் அக்கா வந்தாள்.

நாலு பேர் சேர்ந்தெல்லாம் பாடவில்லை. அவள் ஒருத்திதான் பாடினாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் எங்கும் முட்டாமல், எதையும் காட்டிக்கொள்ளாமல் மேலே போய் இறங்கியது. கேமரா பிறகு மாப்பிள்ளைப் பக்கம் திரும்பியது. மாலை போட்ட, ஒல்லியான, மீசை சரியாக முளைக்காத ஒருவன் அங்கவஸ்திரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது: "இன்னொண்ணு பாடுக்கா."

மனைவி சிரித்தாள். "எங்க சித்திகூடக் கேட்டாங்க, மாப்பிள்ளைக்குக் கண்ணுல தூசி விழுந்துடுச்சான்னு."

அப்போதுதான் அன்று மருமகள் கேட்டதையும் நான் சொன்னதையும் அவளிடம் முழுதாகச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு முன்னாடியா?"

"ஆமா."

அவள் டிவியை நிறுத்திவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

ஓடும் படத்தைப் போனில் பிடித்து அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன். கூடவே ஒரு செய்தியும் எழுதினேன்: 'அன்று என்னால் தெரிவிக்கப்பட்ட கருத்து, முழு விவரங்களையும் பரிசீலிக்காமல் தெரிவிக்கப்பட்டதாகும்.' மனைவி எட்டிப் பார்த்து, "இது அண்ணிக்கா, கலெக்டருக்கா?" என்றாள். அழித்துவிட்டு, 'அக்கா, தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுடு' என்று அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடுகள் காட்டின. பதில் இல்லை. போன் செய்தால் மகன் எடுப்பான். "அம்மா மாவரைக்கப் போயிருக்காங்க மாமா." அடுத்த முறை, "அம்மா குளிக்கிறாங்க மாமா." அவன் பின்னால் யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்கும். முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு என்று அனுப்ப எனக்குத் தெரியும். எழுதி எழுதி அழித்தேன். மாடி வீட்டுக்காரர் வந்தபோது டெக்கைப் பார்த்துவிட்டு, "இன்னும் இதெல்லாம் வச்சிருக்கீங்களா சார்? வேலை செய்யுதா?" என்றார். "செய்யுது" என்றேன். மேலே அவர் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது. அன்றிலிருந்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தேன்.

ஆடி பிறந்தது. பெருக்கு அன்று மனைவியோடு அம்மா மண்டபம் போனேன். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணியோடு பெண்கள் ஆற்றைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து குரல் பதிவு. கூட்டத்தை விட்டு ரோட்டுக்கு ஏறி வந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, நீ அனுப்பினதைப் பாத்தேன். அவகிட்ட நான் காட்டல. காட்டவும் மாட்டேன். அவ முன்னாடி சொன்னே இல்ல, அவ முன்னாடியே வந்து மாத்திச் சொல்லு. எழுதிக்கிட்டு வராத, வாயால சொல்லு. அப்புறம் எல்லாருமா ஒக்காந்து பாக்கலாம். டெக்கை நீயே தூக்கிட்டு வா. ஆட்டோல வராத, பஸ்ஸுல வா. எவ்வளவு கனம்னு தெரியட்டும்."

நடுவில் இரண்டு இடத்தில் குரல் காற்றாகிவிட்டதால் மறுபடி போட்டுக் கேட்டேன். இந்தப் பதில் எனக்குக் கிடைத்த தேதி, ஆடி பதினெட்டு.